வெடிக்காத வரிசை

ஜூன் 4

தங்கச்சிக்கு,

நலமா என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. போனில் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும், எப்போதாவது படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்றுக் காலை தையல்காரம்மா எங்கள் வீட்டுக்குள் வந்தார். அவரை உனக்கு நினைவிருக்கும். கண் மங்கிப்போய் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தையல் மெஷினை விற்றுவிட்டு, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். இந்தப் பருவம் நிலம் முழுக்க உன்னுடைய செர்ரி தக்காளியைத்தான் நட்டிருக்கிறார். உன் கம்பெனி அதற்கு வைத்திருக்கிற எண் யார் வாயிலும் நுழையாது. எங்களுக்கு அது 'செல்லம்'. கடைக்கு வருவதற்கு முன்னால் நாலு பேர் நட்டுப் பார்க்கட்டும் என்று எங்கள் பக்கத்தில் விதை கொடுத்தவளும் நீதான்.

சேற்றுக் காலோடு வந்தார். உன் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் ஒரு தட்டைக் கவிழ்த்தார். அத்தனையும் செல்லம். காம்பிலிருந்து அடிவரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. விதை வெளியே வழிந்து, ஈ வேறு.

"இதுதான் உன் தங்கச்சி குடுத்த வெடிக்காத தக்காளியாம்மா? மழை பெஞ்சா பயமில்லைன்னு நீதானே சொன்னே? உன்னை நம்பித்தானே நட்டேன்?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. உன் அத்தான் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். நீ சொன்னாய், நான் சொன்னேன், அவர் நட்டார். திட்டு வாங்குவதற்கு நான் மட்டும் வீட்டில் இருக்கிறேன்.

அவருக்கு மட்டுமில்லை. விதை வாங்கிய எல்லார் நிலத்திலும் செவ்வாய்க்கிழமை மழையில் இதே கதிதான். வெடித்த பழத்தைச் சேகரிப்புக் கொட்டகையில் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மாடு தின்னக் கொட்டினார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக என் நிலத்தில் சோதனை வரிசை போட்டோமே, அதில் செல்லம் வெடிக்கவில்லை. இந்த மழையிலும் வெடிக்கவில்லை. என் வீட்டு வரிசை மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது? எனக்கு வந்த விதை வேறு, அவர்களுக்குப் போன விதை வேறா? சோதனைக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு எதையோ தள்ளிவிட்டார்களா உன் கம்பெனிக்காரர்கள்? அது உனக்குத் தெரிந்தே நடந்ததா?

கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். ஆனால் யோசித்துத்தான் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சொந்த அக்கா என்னைத் திருடி என்று எழுதியிருக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

விதை ஒன்றுதான். ஒரே செடிகளிலிருந்து எடுத்து, ஒரே சாக்கில் இருந்து, என் கையால் பொட்டலம் கட்டியது. உனக்கு வந்ததும் அதுதான், தையல்காரம்மாவுக்குப் போனதும் அதுதான்.

இந்த ரகத்துக்காக நான் பட்டது உனக்குத் தெரியாதா? இனிப்பான பழத்தின் தோல் வெடிக்காமல் இருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? இனிப்பு ஏற ஏறப் பழம் தண்ணீரை உள்ளே இழுக்கும். தோல் மெல்லிசாக இருந்தால்தான் வாயில் போட்டதும் கரையும். ஆனால் மெல்லிய தோல் அந்தத் தண்ணீரைத் தாங்காது. தோலைத் தடிப்பாக்கினால் வெடிக்காது, ஆனால் தின்றுவிட்டுத் துப்பவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பழத்தைத் தேடி எட்டு வருஷம் போயிற்று. எங்கள் சோதனை அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தக்காளியைக் கடித்துக் கடித்து நாக்கு புண்ணாகி, வீட்டுக்கு வந்து வெறும் தயிரை மட்டும் விழுங்கிப் படுத்திருக்கிறேன்.

என் பக்கத்து மேஜை 'சுருட்டை'யை உனக்குத் தெரியும், ஒருமுறை உன் நிலத்துக்கு வந்து அத்தானோடு சீட்டாடிவிட்டுப் போனவன். அவன் உருவாக்கிய ரகத்தைத்தான் மேலாளர் முதலில் வெளியிடுவதாக இருந்தார். உங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'ரப்பர்'. உன் நிலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசை. ரப்பர் கொஞ்சமாவது வெடித்தது, செல்லம் வெடிக்கவே இல்லை. நீ அனுப்பிய கணக்கை வைத்துத்தான் நான் ஜெயித்தேன். "தோலும் மெல்லிசு, இனிப்பும் அதிகம், வெடிக்கவும் இல்லைன்னா இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மேலாளரே எல்லார் முன்னாலும் சொன்னார். இப்போது விதை உறை அச்சுக்குப் போயிருக்கிறது. 'மழையிலும் வெடிக்காத இனிப்புச் செர்ரி' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அடுத்த பருவத்துக்கு எல்லாக் கடைகளுக்கும் போகும்.

அதனால் விதையில் குறை தேடாதே. தண்ணீர் விட்ட விதத்தைக் கேள். நாலு நாள் காயப்போட்டுவிட்டு, திடீரென்று குழாயைத் திறந்துவிட்டால் எந்தப் பழமும் வெடிக்கும். தையல்காரம்மா தக்காளிக்குப் புதுசு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தங்கை


ஜூன் 17

அடியே,

ஆடத் தெரியாதவளா? நீ ஒருமுறை இங்கே வந்து அவர் நிலத்தைப் பார். உன் கடிதத்தைப் படித்த கையோடு நான் போய்ப் பார்த்தேன். சொட்டு நீர்க் குழாயில் ஓர் அடைப்பில்லை. செடிக்கடியில் வைக்கோல் பரப்பி, மண் ஒரே ஈரமாக இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன். துணியை அளந்து வெட்டின கை அவருடையது, தண்ணீரையும் அப்படித்தான் விடுகிறார். என் நிலத்தில்தான் இரண்டு இடத்தில் குழாய் ஒழுகுகிறது. அவரைப் போய்க் குறை சொல்கிறாயே, உனக்கு வாய் கூசவில்லையா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு இங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டாயா? சேகரிப்புக் கொட்டகையில் நான் போனால் பேச்சு நின்றுபோகிறது. எடை போடுகிறவர், "உங்க வீட்டுப் பழம் மட்டும் எப்பவும் முழுசா வருதே, உங்களுக்குன்னு தனி விதையோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. தையல்காரம்மா வேலியோரத்தில் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறார். இத்தனை நாள் அவர் வீட்டு டீ குடிக்காமல் எனக்குப் பொழுது போனதில்லை.

அவர் நிலத்தில் மழை அதிகம், உன் நிலத்தில் குறைவு என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதே மழைதான் எங்கள் நிலத்திலும் பெய்தது. சந்தேகமிருந்தால் உன் அத்தானின் முழங்காலைக் கேள். வானம் கறுத்ததும் வழக்கம்போல இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிறம் திரும்பிய செல்லத்தையெல்லாம் பறித்து முடிப்பதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. மனுஷர் வரப்பில் வழுக்கி விழுந்தார். விழுந்தாலும் பெட்டியை மட்டும் விடவில்லை. "என்னைத் தூக்காதே, பெட்டியைத் தூக்கு" என்று கத்துகிறார். எங்கள் வீட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு கொட்டியது பார் ஒரு மழை! காலையில் போய்ப் பார்த்தால் செடியில் ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. அதே மழை, அதே மண், நீ சொல்கிறபடி அதே விதை. பிறகு ஏனடி அவர் பழம் மட்டும் வெடித்தது? எனக்குப் பதில் வேண்டும்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது.

வானம் கறுத்ததும் ஓடிப்போய்ப் பறித்தீர்களா? வழக்கம்போல என்றால்? ஒவ்வொரு மழைக்கும் முன்னாலா? இரண்டு வருஷமுமா?

அக்கா, அது மழையில் வெடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குத்தானே நட்டோம்! பழுக்கத் தொடங்கிய பழம்தான் வெடிக்கும். அதையெல்லாம் நீ வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் செடியில் பச்சைக் காய் தவிர வேறென்ன இருக்கும் வெடிப்பதற்கு?

உடனே எழுது.


ஜூன் 27

தங்கச்சிக்கு,

ஆமாம், பறித்தோம். ஒவ்வொரு மழைக்கும்தான் பறித்தோம். பின்னே? கண்ணெதிரே பழம் சிவந்து தொங்குகிறது, மேலே மழை இறங்குகிறது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா? தக்காளி போடுகிற எவளாவது அப்படி நிற்பாளா? நிறம் திரும்பிவிட்டால் பறித்து உள்ளே வைத்தாலும் பழுத்துவிடும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்கும்தான்.

நீ கொடுத்த தாளில், வெடித்த பழம் எத்தனை என்று எழுதச் சொன்னாய். எழுதினேன். ஒன்றைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை. மழைக்கு முன்னால் பறிக்காதே என்று எங்கே எழுதியிருந்தாய்? இத்தனை படித்தவள், இத்தனை பெரிய கம்பெனி, பழத்தை நாசமாக்கினால்தான் சோதனை என்று ஒரு வரி எழுத மை இல்லாமல் போய்விட்டதா? இப்போது என் தலையில் போடுகிறாய்.

மற்றவர்கள் மட்டும் ஏன் பறிக்கவில்லை என்று நேற்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. அவர்களும் வேறு ரகமாக இருந்தால் ஓடிப்போய்ப் பறித்திருப்பார்கள். இது வெடிக்காது என்று நாம் சொன்னதால்தான் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதை ஊரே நம்பியிருக்கிறது. சொன்ன எனக்குத்தான் கை கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. அந்த எரிச்சலையும் உன்மேல்தான் காட்டப் போகிறேன், வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. எல்லா வரிசையையும் பறித்தேன் என்று நினைத்துவிடாதே. அவ்வளவுக்கு எங்கே நேரம்? இரண்டே பேர். செல்லத்தைத்தான் முதலில் பறிப்போம், அதற்குள் மழை வந்துவிடும். அந்த ரப்பரை யார் தொட்டார்கள்? வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அது பாட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். புரிந்திருந்தால் அதை அவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்க மாட்டாய்.

சுருட்டையின் ரகம் இரண்டு வருஷமும் எல்லா மழையிலும் நனைந்திருக்கிறது. ஒருவரும் தொடவில்லை. அப்படியும் அங்கொன்றும் இங்கொன்றும்தான் வெடித்திருக்கிறது. என்னுடையது ஒரு மழையைக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணப் பெண்ணைக் குடைபிடித்து அழைத்துப்போகிற மாதிரி அழைத்துப்போய் வைத்திருக்கிறாய். அந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படம் வரைந்து, எல்லார் முன்னாலும் அவனுடையது தோற்றது என்று காட்டினேன். அவன் அன்றைக்கு எழுந்து வந்து கைகொடுத்தான். அந்தக் கை எனக்கு இப்போது எரிகிறது.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. அன்பாம்! உன் அன்பில் மண் விழ. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சாக இருக்கலாம். தங்கையின் தக்காளிகூடவா?

இதோ பார். உங்கள் பக்கத்து ஆட்கள் புகார் எழுதிவிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். "உங்க அக்கா வரிசை மழையிலதானே நின்னுது? நானே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்" என்றார். அடுத்த வாரம் உனக்குப் போன் வரும். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மழையில்தான் நின்றது என்று. பொய்கூட இல்லை, செடி மழையில்தானே நின்றது! பழம் உள்ளே இருந்ததை அவர் கேட்கப் போவதில்லை. புகார் கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் விடத் தெரியவில்லை என்று முடிந்துவிடும். உறையில் 'மழைக்கு முன் பறிப்பது நல்லது' என்று சின்ன எழுத்தில் சேர்க்கச் சொல்கிறேன். அதற்குள் நான் தோலைச் சரிசெய்து இன்னொரு தலைமுறை எடுத்துவிடுவேன்.

எட்டு வருஷம், அக்கா. இதைக் கெடுத்தது நீ. இதையாவது எனக்காகச் செய். செய்துதான் ஆகவேண்டும்.

தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

மாட்டேன்.

அந்த ஒரு வார்த்தையோடு கடிதத்தை மூடி ஒட்டலாம் என்றுதான் நினைத்தேன். உன் அத்தான், "அவ பாவம், விளக்கமா எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

செடி மழையில் நின்றது, பழம் நிற்கவில்லை, ஆனாலும் பொய் இல்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்கேயடி கற்றுக்கொண்டாய்? இங்கே ஐந்தாறு பேருக்கு ஒரு பருவம் போனதற்கே என்னால் கொட்டகைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. உறையில் பெரிய எழுத்தில் போட்டு எல்லாக் கடைக்கும் அனுப்பினால் இன்னும் எத்தனை தையல்காரம்மா? அவர்கள் யார் வீட்டு மேஜையில் போய்த் தட்டைக் கவிழ்ப்பார்கள்? உன்னுடைய சின்ன எழுத்தை அவர் எந்தக் கண்ணால் படிப்பார்? அதை யோசித்தாயா?

நான் கெடுத்தேன் என்கிறாய். சரி, கெடுத்தேன். தெரியாமல் கெடுத்தேன். நீ தெரிந்தே கெடுக்கச் சொல்கிறாய். இரண்டும் ஒன்றா?

மேலாளர் போன் செய்தால் நடந்ததைச் சொல்வேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. என் வாயால் அவர் கேட்டால் உனக்குத்தான் அசிங்கம். அதற்காகத்தான் போன் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேலியைத் தாண்டிப் போய், அவர் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். என் வரிசை வெடிக்காமல் இருந்ததற்கு விதை காரணமில்லை, நாங்கள் மழைக்கு முன்னால் பறித்ததுதான் காரணம், அது எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்போ உன் பழத்தை நீ காப்பாத்திக்கிட்டே. என்னை மட்டும் பயமில்லைன்னு படுத்துத் தூங்கச் சொன்னே" என்றார். அவ்வளவுதான். நியாயம்தானே? என் வாழ்க்கையில் நான் பதில் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான். உன் அத்தான் நம்பவே இல்லை.

மறுநாள் அவரே எங்கள் நிலத்துக்கு வந்தார். சமாதானத்துக்கு என்று நினைத்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ரப்பர் வரிசைக்குப் போனார். யாரும் பறிக்காமல் செடியிலேயே கிடந்து கறுஞ்சிவப்பாகிவிட்ட ஒன்றைப் பறித்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றைப் போட்டார். "இது நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். நானும் ஒன்றைக் கடித்தேன். தோல் தடிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இனிக்கிறது! நாங்கள் முதல் வருஷம் ஒருமுறை அதையும் செல்லத்தைப் போல அரைப்பழத்தில் பறித்துத் தின்றுவிட்டுத்தான் இத்தனை நாள் ரப்பர், ரப்பர் என்று கேலி செய்திருக்கிறோம். வெடிக்காத பழம் என்றால் செடியிலேயே விட்டு வைக்கலாம், விட்டு வைத்தால் இனிப்பு ஏறும். இது எங்கள் யார் புத்தியிலும் ஏறவில்லை. செல்லம் அளவுக்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், உன் மனசு குளிரட்டும் என்பதற்காக இல்லை, உண்மை என்பதற்காக.

போய்ச் சொல். அந்தச் சுருட்டையிடமும் சொல்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. நீ சொல்லிவிடுவாய் என்று தெரிந்ததால்தான் சொன்னேன். அப்படியே வைத்துக்கொள்.

மேலாளர் அறையில் சுருட்டையும் இருந்தான். நான்தான் அவனையும் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரப்பரைத் தொடாமல் விட்டது உட்பட. மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். சுருட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷமா கேன்டீன்ல என் ரகத்தை வச்சு எல்லாரும் சிரிச்சீங்க. பந்து விளையாடலாம்னு சொன்னீங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்" என்றான். எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். அது சரி என்றா, போ என்றா, தெரியவில்லை.

அச்சை நிறுத்திவிட்டார்கள். அடித்து முடித்த உறைகளை என் கண் முன்னாலேயே கிழித்து மூட்டை கட்டினார்கள். அடுத்த பருவம் அவனுடைய ரகம்தான் போகிறது. தையல்காரம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அதன் நாற்றைக் கம்பெனியே கொண்டுவந்து நட்டுக்கொடுக்கும். செல்லம் மறுபடியும் சோதனைக்கு. அதாவது, என்னை நாசூக்காக ஆரம்பித்த இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் மேலாளர் கேட்டார். "சொந்த அக்காவை நம்பி இப்படி ஏமாந்துட்டீங்களே?" என்று. எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எங்க அக்கா ஏமாத்தலை சார். அவ இருக்கற நிலத்துல எந்தப் பழமும் வெடிக்காது. அவ இல்லாத நிலத்துக்குத்தான் நாம விதை தேடணும். அது தெரியாம அவகிட்ட நட்டது என் தப்பு" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதனால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. லீவுக்கு வரமாட்டேன். அத்தானிடமும் சொல்லிவிடு.

இத்துடன் எட்டுப் பொட்டலம் விதை வருகிறது. மேலாளர், "வேற ஆளைப் பாருங்க" என்றார். நான்தான் உன்னிடமே நடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உன் மண்ணில்தான் பழைய கணக்கு இருக்கிறது, ஒப்பிட வேண்டும், அதனால்தான். எட்டு வரிசை. எது எந்த ரகம் என்று எழுதவில்லை, எண் மட்டும். எது என்னுடையது என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். இந்த முறை தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வானம் கறுத்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள். பெட்டிகளை முன்கூட்டியே தையல்காரம்மா வீட்டில் கொடுத்து வை. அத்தானை உள்ளே வைத்துப் பூட்டு.

தங்கை


அக்டோபர் 23

தங்கச்சிக்கு,

நீ எழுதாதே என்றாலும் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்.

எண் போட்டு அனுப்பினால் எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? நாற்று நாலு இலை விட்டபோதே தெரிந்துவிட்டது. ஆறாவது வரிசை செல்லம். இலை நுனி உள்பக்கமாகச் சுருண்டு, தண்டில் ஊதா ஓடியிருக்கும். இரண்டு வருஷம் தினம் பார்த்த செடி, எனக்கா தெரியாது? தெரியாத மாதிரியே இருந்தேன். உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஒவ்வொரு வரிசையிலும் கடித்துப் பார்த்துவிட்டு, "ஆறாவதுதான் அமிர்தம்" என்று போகிறபோதும் வருகிறபோதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் சாயங்காலம் கறுத்தது. ஆறாவது வரிசை முழுக்கப் பழுத்துத் தொங்குகிறது. பெட்டிகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். தையல்காரம்மா தன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இவள் பறிக்கிறாளா என்று. அவர் நிலத்து ரப்பர் அப்படியே நிற்கிறது, அவருக்கென்ன. உன் அத்தான் எழுந்தார். "உட்காருங்க" என்றேன். "அடியே, ஆறாவது மட்டுமாவது" என்றார். "உட்காருங்கன்னு சொல்றேன்ல" என்று கத்திவிட்டேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன், பார்த்தால் ஓடிவிடுவேன் என்று. இருட்டறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கூரைமேல் மழை கொட்டுகிறது. என் கை இரண்டும் மடியில் சும்மா இருக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மழைமேல் இல்லை, உன்மேல்தான். இப்படி ஒரு வேலையை என்னிடம் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

காலையில் கதவைத் திறந்தோம். தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். ஆறாவது வரிசையில் பழுத்தது அத்தனையும் வெடித்துவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினேன். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

அக்கா